அளவெடுத்த பாடங்கள்

அந்தத் தெருவில் யாருக்காவது உடுப்பு பெரிதாகவோ சிறிதாகவோ போய்விட்டால் எல்லோரும் ஒரே வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். தரைத்தளத்தில் ஒரு முன்னறை. சன்னலோரம் தையல் மிஷின், சுவரோரக் கம்பியில் அடுத்தவர் கால்சட்டைகள், நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு வெட்டுமேசை. மேசையின் ஒரு பாதியில் துணி கிடக்கும். மறுபாதியில் இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். பள்ளி நேரத்தில் அவர்களை அங்கே பார்த்துவிட்டு, புதிதாக வருகிறவர்கள் காய்ச்சலா என்று விசாரிப்பார்கள். இல்லை, இவர்களுக்கு இதுதான் பள்ளிக்கூடம் என்பாள் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அவர்கள் அம்மா. சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொள்வாள்.

அவளுக்கு ஹெட்மாஸ்டரம்மா என்று பேர் வைத்தது அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, வீட்டில் யாரையாவது சீண்டினால்தான் சோறு இறங்கும். கேலிக்கு வைத்த பேர் தெருவுக்கே ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் கோபமில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துகூடப் போயிருப்பாள்.

கெட்டிக்காரிதான், அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு தோள் இறங்கினவரின் கோட்டுக்குள் மெல்லிசாக ஒரு பட்டை வைத்துத் தைப்பாள். கண்ணாடி முன்னால் நின்றால் அந்த ஆளுக்கே தன் தோள் மறந்துபோகும். உடம்பைத் திருத்த முடியாது, துணியைத் திருத்தலாம் என்பாள். பிள்ளைகளின் பாடத்தையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். வினை அதில்தான் இருந்தது.

ஒளித்து வைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த மூத்த பெண்ணின் பார்வை, வருஷக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. கையெட்டும் தூரத்தில் கண்ணும் கருத்துமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தாய்க்கு அது தெரியவில்லை. அதெப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

பெரியவள் இரண்டாம் வகுப்புவரை பள்ளிக்குப் போனவள்தான். அங்கே வகுப்பு ஆசிரியை ஒரு நாள், மற்ற பெற்றோர்கள் நிற்கும்போதே, உங்கள் பெண் எதிலும் மற்றவர்களோடு சேர்ந்து வரமாட்டேன் என்கிறாள், விளையாட விட்டால் எல்லோர் மேலும் மோதுகிறாள் என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டாள். கண்ணைக் காட்டிப் பாருங்கள் என்றும் சொன்னாள். அதையும் காட்டினார்கள். கண்ணாடிக் கடையில் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை, கடைக்காரரே படிக்கத் திணறும் பொடி எழுத்துவரை, பெரியவள் மடமடவென்று படித்தாள். கண் பிரமாதம் என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தையை அம்மா முடிந்து வைத்துக்கொண்டாள். பிறகு யார் எதைச் சொன்னாலும் அதை எடுத்து நீட்டினாள். அந்த வருஷ முடிவில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள்.

வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதென்று முடிவானதும் பாடத்திட்டம் தேடும் படலம் ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு விசாரிப்பதுபோல் விசாரித்தாள். நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் இவளைப் போன்ற தாய்மார்கள் கூடுவார்கள். ஒருத்தி கதை வழியாகவே எல்லாம் கற்றுத் தரும் புத்தகங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவாள். இன்னொருத்தி பயிற்சித்தாள்தான் பாடம், மற்றதெல்லாம் பம்மாத்து என்பாள். ஹெட்மாஸ்டரம்மா இருவரிடமும் மாதிரிப் புத்தகம் வாங்கி வந்து வெட்டுமேசையில் பரப்பி, தாளைத் தடவிப் பார்த்து, எழுத்தின் அளவைப் பார்த்து, கடைசியில் படங்கள் நிறைந்த ஒரு கணக்குப் புத்தகத்தையும் பெரிய உலகப்படம் ஒன்றையும் வாங்கினாள். பழுப்பு நிற வெட்டுத்தாளில் அந்த வருஷ இலக்குகளை எழுதி மிஷினுக்கு மேலே ஒட்டினாள்.

முதல் சிக்கல் கணக்கில் வந்தது. பக்கம் நிறையக் கணக்குகள். பெரியவள் நடுவில் இருப்பதையெல்லாம் போட்டுவிட்டு ஓரத்தில் இருப்பதை விட்டுவிடுவாள். சோம்பல் என்று முதலில் அதட்டினாள். பிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை. பிள்ளை அழுகிறதே, ஒருவேளை புத்தகம்தான் சரியில்லையோ என்று தோன்றியது. அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, பக்கத்துக்கு நாலே கணக்கு இருக்கும் ஒல்லிப் புத்தகம் வாங்கினாள். சொல்லி வைத்தாற்போல் எல்லாம் சரியாக வந்தது. நூலகத்து மாடியில் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அடுத்து வாசிப்பு. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது பெரியவள் தொலைந்துபோவாள். படித்த வரியையே திரும்பப் படிப்பாள். அம்மா ஓர் அட்டையில் ஒரு வரி அளவுக்குச் சன்னல் வெட்டிக் கொடுத்தாள். வாசிப்பு ஓடியது. உலகப்படத்தில் ஊர் தேடச் சொன்னால் நேரம் போய்க்கொண்டே இருக்கும், விரல் ஓரிடத்திலேயே சுற்றும். உலகப்படம் சுருட்டப்பட்டுப் பரணுக்குப் போனது. உள்ளங்கை அளவுப் படங்கள் வந்தன. பந்து விளையாட்டில் பந்து எப்போதும் மூக்கில்தான் பட்டது. பந்தை நிறுத்திவிட்டு, நின்ற இடத்தில் கயிறு தாண்டுவதை உடற்பயிற்சியாக்கினாள். சாயங்காலமானால் பெரியவள் வெளியே வர முரண்டுபிடித்தாள். பாடவேளை முழுவதும் காலைக்கு மாறியது. ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு ஏற்றபடி பாடம் கொஞ்சம் பிடிக்கப்பட்டது, கொஞ்சம் இறக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் இலக்கு எட்டப்பட்டது. எட்ட எட்ட அவளுக்குத் தைரியம் வந்தது.

கல்வி அலுவலகத்திலிருந்து வருஷத்துக்கொரு முறை ஓர் அதிகாரி வருவார். வயிறு முன்னால் வர, பின்னால் அவர் வரும் சுபாவம். மேசையோரம் உட்கார்ந்து, பெரியவளை நேரெதிரே உட்கார வைத்து, வாசிக்கச் சொல்வார், கணக்குக் கேட்பார். அவள் அவர் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துப் பதில் சொல்வாள். என்ன கவனம், என்ன கவனம் என்று அவர் வியந்துபோவார். அந்தக் குழந்தையால் வேறெங்கும் பார்க்க முடியவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? டீயைக் குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

கவனித்தவள் ஒருத்தி உண்டு. மெக்கானிக்கின் தங்கை, பேக்கரி ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறவள், விடுமுறை நாளில் பிஸ்கட் பொட்டலத்தோடு வருவாள். வந்தால் சும்மா இருக்கமாட்டாள், வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தால் பிள்ளைகள் நாளைக்கு நாலு பேர் முகத்தில் எப்படி முழிக்கும் என்று ஆரம்பித்துவிடுவாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இதில் எத்தனையோ முறை முட்டிக்கொண்டாயிற்று. ஒரு மத்தியானம், பெரியவள் தண்ணீர் எடுக்கப் போனபோது, எதிரே வந்த சின்னவள் மேல் மோதி, வாசற்படி தடுக்கி, நூல்கண்டுப் பெட்டியையும் கவிழ்த்துவிட்டாள். நாத்தனார் கையிலிருந்த பிஸ்கட்டை அப்படியே கீழே வைத்தாள்.

"அண்ணி, எங்கப்பாவும் இப்படித்தான் இருந்தாரு. கதவுல, ஆள் மேலன்னு இடிச்சுக்கிட்டே இருப்பாரு. கடைசில ஒண்ணுமே தெரியாமப் போச்சு. இவளக் கொஞ்சம் காட்டிப் பாருங்களேன்."

அம்மாவின் காதில் அது அப்படி விழவில்லை. பள்ளிக்கு அனுப்பியிருந்தால் பிள்ளை இப்படி ஆகியிருக்காது என்று இவள் இன்னொரு வழியில் குத்திக்காட்டுகிறாள் என்றுதான் விழுந்தது. இத்தனை வருஷம் வருகிறவர் போகிறவரெல்லாம் குறை சொல்லக் கேட்டுக் கேட்டு, எந்தப் பேச்சும் அவளுக்கு அந்த ஒரே பேச்சாகிவிட்டிருந்தது. எழுபது வயதுக் கிழவரையும் பதினோரு வயதுப் பிள்ளையையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறாயே என்று பாய்ந்தாள். கண்ணாடிக் கடையில் கடைசி வரிவரை படித்தவள் என் பெண் என்றாள். அதைப் படித்து நாலு வருஷம் ஆகிவிட்டிருந்தது. நாத்தனார் குனிந்து நூல்கண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். இரவு சாப்பாட்டின்போது மெக்கானிக்கிடம் இது வந்தது. அப்பாவுக்கு வயசாச்சு, அதனால போச்சு என்று அவனும் தள்ளிவிட்டான். ஆனாலும் மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றானாம். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான்.

அந்த வருஷ இலக்கைத் தூக்கிக் கொடுத்தவர் கல்வி அதிகாரிதான். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு பொதுத்தேர்வு உண்டு; இவள் ஒரு வருஷம் முன்னாலேயே எழுதலாமே என்றார். ஹெட்மாஸ்டரம்மாவுக்கு அது போதும். வெட்டுத்தாளில் அந்த ஒன்றை மட்டும் பெரிதாக எழுதி ஒட்டினாள். தையல் வேலையைப் பாதியாகக் குறைத்தாள். பெரியவள் காலையில் படித்தாள், மத்தியானம் படித்தாள், தலைவலி என்றால் அரைமணி படுத்துவிட்டுத் திரும்பப் படித்தாள். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று ஒருநாள் சொன்னாள். தூங்கி எழு, சரியாகப் போகும் என்று அம்மா சொன்னாள். தூங்கி எழுந்ததும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

தேர்வு ஒரு பெரிய பள்ளியின் கூடத்தில் நடந்தது. வெளியே நீளத் தாழ்வாரம், எதிரே வெட்டவெளி முற்றம். பெற்றோர்கள் தாழ்வாரத்தில் நின்றார்கள். மணியடிக்கும் நேரத்துக்கு அம்மா மற்றவர்களை விலக்கிக்கொண்டு கதவு நிலையோடு ஒட்டி நின்றாள். பிள்ளை வெளியே வந்ததும் முதலில் தன்னைத்தான் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

பெரியவள் வந்தாள். ஒரு கை சுவரைத் தடவியபடி, முகம் நேராக. அம்மாவின் புறங்கையில் அவள் சட்டைக் கை உரசியது. நிற்கவில்லை. தாண்டிப் போனாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்து அம்மா சிரித்தாள். கூப்பிடவில்லை, எவ்வளவு தூரம்தான் போகிறாள் பார்ப்போம் என்று பின்னாலேயே நடந்தாள். பெரியவள் முற்றத்தின் நடுவில் போய் நின்றாள். தலையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்ல மெல்லத் திருப்பினாள், கரண்ட் போன வீட்டில் டார்ச் அடித்துத் தேடுகிறவர்களைப் போல. அம்மா போய் அவள் தோளோடு தோளாக நின்றாள். அவள் திரும்பவில்லை. அம்மாவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. மகளின் காதருகே கையைத் தூக்கினாள். மெதுவாக முன்னால் கொண்டு வந்தாள். கன்னத்தைத் தாண்டியது. ஒன்றுமில்லை. கண்ணோரத்தைத் தாண்டியது. ஒன்றுமில்லை. மூக்குக்கு நேரே வந்தபோதுதான் பிள்ளை தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள்.

"அம்மா, நீ எங்கேருந்து வந்த?" என்றாள். பிறகு, பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் பெரியவளின் முகத்தை வைத்தார்கள். உள்ளே அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும், பார்த்ததும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பின்னால் ஸ்டூலில் அம்மா. கருவி உறுமிக்கொண்டே இருந்தது. பொத்தான் சத்தம் வரவில்லை. எப்போதோ ஒன்று வந்தது, பிறகு நெடுநேரம் இல்லை. இத்தனை வருஷமும் பிள்ளை தடுமாறுகிற இடத்தில் எடுத்துக் கொடுத்துப் பழகியவள் எழுந்து எழுந்து நின்றாள். உட்காருங்கம்மா என்று அங்கிருந்த பெண் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது. நடுப்பகுதி கடைசியில்தான் போகும். அதனால்தான் பொடி எழுத்தெல்லாம் படிக்கிறாள். போனது போனதுதான், திரும்பாது. சொட்டு மருந்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. எல்லாமே மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான். எப்போதிலிருந்து என்று கேட்டார். தெரியாது என்றாள் அம்மா. எதிலாவது, எப்போதாவது தடுமாறினாளா என்று டாக்டரம்மா கேள்வியை மாற்றிக் கேட்டார்.

அம்மா வாயைத் திறந்தாள். முதல் வருஷம் கணக்குப் புத்தகத்தை மாற்றினேன், ஓரத்துக் கணக்கை விட்டுவிடுவாள். அதற்கடுத்த வருஷம் அட்டை வெட்டிக் கொடுத்தேன். உலகப்படத்தை மழைக்காலத்தில் எடுத்து வைத்தேன். பந்தை அதற்கு முன்னால். ஒன்றுகூட மறக்கவில்லை. டாக்டரம்மா தலைநிமிராமல் எழுதிக்கொண்டே போனார். எந்த நோயாளியின் வீட்டிலும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு அந்த நாற்காலியிலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னார்: இது குடும்பத்தில் வருவது, கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம். சின்னவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவள் அப்பாவும் ஒருமுறை வந்து காட்டட்டும். அம்மா தலையை ஆட்டினாள்.

பஸ்ஸில் பெரியவள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஏண்டி என்கிட்ட சொல்லல என்று அம்மா கேட்டேவிட்டாள். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்ம்மா" என்றாள் பெரியவள். கொஞ்சம் யோசித்து, "கஷ்டமா இருந்தா சொல்லணும்னு நெனப்பேன். அதுக்குள்ள நீயே மாத்திடுவ. அப்புறம் கஷ்டமா இருக்காது" என்றாள்.

நாத்தனார் சேதி கேட்டு வந்தாள். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லவில்லை. பேசாமல் அடுப்படியைப் பார்த்துக்கொண்டாள், வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். அவள் சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருக்கலாம். அவள் சொன்னது சரியாகப் போனதை மட்டும் அம்மாவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அதை மறைக்கவும் தெரியவில்லை.

கல்வி அதிகாரி சில வாரம் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்தார். பெரியவள் தேர்வில் தேறிவிட்டாள், அதுவும் நல்ல மார்க்கு. வாழ்த்துச் சொல்லி, டீயை வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கம்போல அடுத்த வருஷ இலக்கு என்ன என்று பேனாவைத் திறந்தார். மிஷினுக்கு மேலே சுவர் காலியாக இருந்தது. அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் டீயைத் தொடவில்லை. நேரெதிரே உட்காரவைத்து வருஷா வருஷம் தான் பார்த்த பிள்ளையை நினைத்தாரோ என்னவோ, மேசைக்கு அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார். ஆனாலும் ஆபீசுக்கு ஏதாவது எழுதியாக வேண்டும் அல்லவா, தயங்கித் தயங்கி மறுபடியும் கேட்டார்.

"இப்ப எவ்வளவு தெரியுதோ அவ்வளவும் அடுத்த வருஷம் தெரியணும் சார். அதான் இலக்கு. வேற ஒண்ணும் எழுதாதீங்க" என்றாள் அம்மா.

அவர் அதை அப்படியே எழுதினார். எழுதி முடித்து, இருமிக்கொண்டு, சின்னவளுக்கு என்று கேட்டார்.

சின்னவள் மேசையின் மறுகோடியில் எழுதிக்கொண்டிருந்தாள். தன் பேச்சு வருவது தெரிந்து நிமிர்ந்தாள். அவளுக்கு ஏழு வயது, பாடத்தில் சூட்டிகை, எதையும் மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்ததே இல்லை. இல்லை, ஒன்று மாற்றியிருந்தாள். அக்காவின் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால்தான், படங்கள் அதிகமாக இருக்கிறது, எதுவும் கிடைக்கமாட்டேன் என்கிறது என்று சிணுங்கியதால் அந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, அக்காவின் பழைய ஒல்லிப் புத்தகத்தைக் கொடுத்திருந்தாள். கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

"அவளக் கண் டாக்டர்கிட்ட வியாழக்கிழமை கூட்டிட்டுப் போறேன் சார்" என்றாள் அம்மா. "அது வரைக்கும் அவளுக்கு எதுவும் எழுதாதீங்க."

அதிகாரி பேனாவை மூடினார். சின்னவள் அம்மாவைத் தேடி, தலையை மெல்லத் திருப்பினாள்.